நெடுமாறனின் வலது கை

காடாம்புலியூர்க்காரரான நெடுமாறன் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுபவர். பல மாடி உயரமுள்ள அந்த இயந்திரம் பல் வைத்த சக்கரத்தால் மண்ணை அள்ளி அள்ளிப் பெல்ட்டில் கொட்டும். அத்தனை பெரியதை விரலசைவால் ஆட்டிவைக்கிறோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன ஆடியில் ஒரு காலை ஷிஃப்டில் அவருடைய வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கையைத் தாண்டி, கையே வெட்டி வெட்டி இழுத்தது. நினைவு தெளிவாகத்தான் இருந்தது. இடது கையால் அவசரப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினார்.

ஓடிவந்த ஃபிட்டர் அறிவுச்செல்வன் பதறிவிட்டார். “அண்ணே, கை ஏன் இப்புடி ஆடிக்கினு கெடக்குது?”

“நான் ஆட்டலப்பா. அதுவா ஆடுது.”

புதுச்சேரியில் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் காயத்ரி திரையில் ஒரு சின்ன வளையத்தைக் காட்டினார். அதன் நடுவே வெள்ளைப் புள்ளி.

“இது பன்றி நாடாப்புழுவோட குஞ்சு. அந்தப் புள்ளிதான் அதோட தலை.”

“உயிரோட இருக்குதுங்களா?”

“இருக்குங்க.”

நெடுமாறனின் மனைவி புவனா நாற்காலியை இறுகப் பிடித்தாள். “பன்னிக்கறிய நாங்க தொட்டதே இல்லீங்களே!”

“அதுக்குக் கறி சாப்பிடணும்னு இல்லம்மா. வயித்துல புழு இருக்கிற யாரோ கையச் சரியாக் கழுவாம சமைச்சிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத முட்டை சாப்பாட்டோட உள்ள போயிருக்கும். குடலைத் துளைச்சு, ரத்தத்தோட மூளைக்கு வந்திருக்கு. வந்து பல வருஷம் ஆயிருக்கலாம்.”

நெடுமாறனால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மகள் பிறந்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, அப்பா இறந்தது, எல்லாவற்றிலும் இது கூடவே இருந்திருக்கிறதா?

“எங்க போறதுக்கு இங்க வந்துச்சுங்க?”

“பன்றி உடம்புக்குப் போக வேண்டியது. மனுஷன் மூளைக்கு வந்துட்டா அதுக்கு மேல வழியே கிடையாது.”

“வழி தப்பிப்போச்சா, பாவம்” என்றார் நெடுமாறன். புவனா முறைத்தாள்.

மாத்திரைகள் ஆரம்பித்தார்கள். புழு சாகச் சாக அதைச் சுற்றி மூளை வீங்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அப்படியே தலைவலி மண்டையைப் பிளந்தது. கை முன்னைவிட மோசமாக இழுத்தது. கஞ்சித் தம்ளர் பறந்து சுவரில் மோதியது. புவனா அந்தக் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கரையில் போட்ட விரால் துள்ளுவதுபோல அவள் உள்ளங்கைக்குள் அது துள்ளியது. அவர் கையைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள்.

மெல்ல மெல்ல அடங்கியது. தை பிறந்தபின் எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை. சுண்ணாம்புப் பொட்டு ஒன்று மட்டும் இருந்தது. அது காலத்துக்கும் அங்கேயே கிடக்கும் என்றார் டாக்டர். வலிப்பு மாத்திரை தொடரவேண்டும். வண்டி, இயந்திரம் எதையும் இப்போதைக்கு ஓட்டக்கூடாது. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், யாரிடமும் புழு இல்லை. எந்தச் சாப்பாட்டில் வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

சுரங்கத்தில் அவரைப் பெல்ட் கண்காணிக்கும் அறைக்கு மாற்றினார்கள். புவனா ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு தினமும் அவரைச் சுரங்க வாசலில் விடுகிறாள்.

“இம்மாங்காலம் தலைக்குள்ள ஒரு உசுரு குடியிருந்திருக்குது, எனக்கே தெரியல பாரு” என்றார் ஒருநாள், பின்னால் உட்கார்ந்தபடி. “இன்னும் உள்ள என்னென்ன நடந்துகினு இருக்குதோ!”

“நல்லாப் புடிச்சிக்குங்க. ஸ்பீடு பிரேக்கர் வருது” என்றாள் புவனா.