தரையில் பட்ட கை

என் தங்கை கணவன் கியூமர்ஸுக்கு நாற்பத்தொரு வயது. ஈரானின் மசாந்தரான் மாகாணத்தில் எங்கள் ஊர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். வெள்ளிக்கிழமையானால் மல்யுத்தம் பிடிக்கிறான். அவனைக் குறை சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

போன வருடம் ஊருக்கு ஒரு புதுப் பயிற்சிக் கூடம் கட்டினார்கள். மழைக்காலத்தில் இனி சேற்றில் வழுக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டோம். வாசலில் பலகை மாட்டினார்கள்: 'தற்காப்புக் கலைகளுக்கு மட்டும்.' மல்யுத்தம் பிடிக்கிற எங்களுக்கு இடமில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தின் பொறுப்பு கராத்தே வாத்தியார் பெஹ்ராங்கிடம்.

"மல்யுத்தம் கட்டிப்பிடி விளையாட்டுண்ணே. அதுல அடி உண்டா, உதை உண்டா?" என்று சிரித்தான்.

"அடிக்காமலே ஆளைச் சாய்க்கிறோமே, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்றான் கியூமர்ஸ்.

"என்னைச் சாய்ச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை கூடம் உங்களுக்கு."

"சரி. நீ உதைச்சுக்க. ஆனா ஜெயிப்பு தோல்வி எங்க விதிப்படி. பாதத்தைத் தவிர எது முதல்ல தரையில பட்டாலும் அவன் தோத்தான். விரல் பட்டாலும் சரி."

கூடத்தில் இன்னும் மெத்தை விரிக்கவில்லை, வெறும் சிமெண்டுத் தரை. பெஹ்ராங்கின் முதல் இரண்டு உதையும் கியூமர்ஸின் விலாவில் விழுந்தன. மூன்றாவது உதையில் காலைப் பிடித்துக்கொண்டான். ஒரே தூக்கு. பெஹ்ராங் மல்லாக்கச் சாய்ந்தான்; கூடவே கியூமர்ஸும் குனிந்தான். நாங்கள் கூரை அதிரக் கத்தினோம்.

கியூமர்ஸ் நிமிர்ந்து புறங்கையைக் காட்டினான். தோல் வழன்று ரத்தம் கசிந்தது. விழுகிறவன் மண்டைக்கு அடியில் கையைக் கொடுத்திருக்கிறான்.

"அவன் முதுகுக்கு முன்னாடி என் கை பட்டுருச்சு. நான் தோத்துட்டேன்."

"மாப்ள, வாயை மூடு! யாரும் பார்க்கல!" என்றேன்.

"நான் பார்த்தேன்ல, மச்சான்."

பிறகு பெஹ்ராங்கிடம் திரும்பினான். "கூடத்தை நீயே வச்சுக்க. கையைக் கொடுக்காம விட்டிருந்தா உன் மண்டை என்னாயிருக்கும்னு மட்டும் யோசி. அப்புறம் சொல்லு, இது வெறும் கட்டிப்பிடி விளையாட்டான்னு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த வெள்ளி அடைமழை. அறுத்த வயலில், கையில் கட்டோடு கியூமர்ஸ் மல்யுத்தம் பிடித்துக்கொண்டிருந்தான். பெஹ்ராங் குடையோடு வரப்பில் வந்து நின்றான்.

"கூடம் சும்மாத்தான் கிடக்குண்ணே. எல்லாரும் வாங்க."

கியூமர்ஸ் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டான்.

"முதல்ல பலகையை மாத்து. அப்புறம் வந்து கூப்பிடு."