கண் திறக்காத ஜெபம்

என் மகள் இரண்டு நாட்கள் ஜெபத்தில் கண்ணைத் திறக்கவேயில்லை. அதைப் பக்தி என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு ஆறு வயது. கன்னடம் பேசும் ஊரில், மண்டி மொஹல்லா என்ற பகுதியில் மாடி வீடு எங்களுடையது. தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நான் ஜெபிக்கும்போது அவள் ஒரு கண்ணைத் திறந்து, அப்பா என்ன செய்கிறார் என்று பார்ப்பாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் திறந்து பார்ப்பேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் தலைகுனிந்து, கண்களை இறுக மூடி, ஆமென் சொன்ன பிறகும் அப்படியே இருந்தாள். கண்ணோரம் ஈரம்.

"பாத்தீங்களா, கண்ணீரோட ஜெபம் பண்றா" என்று கணவரிடம் கிசுகிசுத்தேன்.

"ஆறு வயசுல என்ன கண்ணீர்? தூக்கம் வருது அவளுக்கு" என்றார்.

சனிக்கிழமையும் அதே போல. பகலில் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். இடது கண் லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். ஷாம்பு பட்டிருக்கும் என்று லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிறு காலை ஆராதனையில் ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நின்றாள். முடியை விலக்கினேன். இமை வீங்கி, பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே தூக்கிக்கொண்டு வந்து, "ஏன்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னா தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"இயேசப்பா குத்திட்டாருன்னு."

புதன்கிழமை நடந்தது நினைவுக்கு வந்தது. கீழ் வீட்டுப் பெண்ணுக்கு மெட்ராஸ் ஐ. அங்கே போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாலையில் "போனியா?" என்று கேட்டேன். "போகல" என்றாள். பீன்ஸ் நறுக்கியபடியே, "பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்றேன். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் சொன்னார்கள். அவள் போயிருக்கிறாள். அந்தப் பெண்ணின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்த்திருக்கிறாள்.

அன்று மதியம் தேவராஜ மொஹல்லாவில் ஒரு டாக்டர் கிடைத்தார். "யாவாகிந்த?" என்று கன்னடத்தில் கேட்டார். எப்போதிலிருந்து? "ஈவத்திந்த" என்றேன், இன்றிலிருந்துதான் என்று. கவனிக்காத தாய் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். மகளின் நல்ல கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. சொட்டு மருந்து, தனித் துண்டு, வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் என் முகத்தையே கவனித்தாள். "உனக்குக் கண் வலிக்குதா?" என்று இட்லி சாப்பிடும்போது கேட்டாள். அடுத்த வேளை, "இன்னும் இல்லையா?"

செவ்வாய்க்கிழமை என் வலது கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தியது. கண்ணாடியில் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருந்தது. பின்னால் நின்றவள் அழ ஆரம்பித்தாள். "நீ டாக்டர்கிட்ட பொய் சொன்னல்ல."

கிருமிதான் என்று மட்டும் சொன்னால் தேவனுடைய கட்டளை ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமோ? தண்டனைதான் என்றால், இனி எதையாவது என்னிடம் சொல்வாளா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மீறினால் துன்பம் வரும் என்று நானும் சண்டே கிளாஸில் படித்தவள். தேவன் பிரம்போடு காத்திருக்கிறார் என்றே கற்பனை செய்திருந்தேன். இங்கே யாரும் வந்து குத்த வேண்டியிருக்கவில்லை. போகாதே என்றேன், போனாள், வந்தது. பொய்யின் விளைவுதான் வேறு மாதிரி: வலியோடு இரண்டு நாள், யாரிடம் ஜெபித்தாளோ அவரிடமே பயந்துகொண்டு, தனியாக இருந்தாள். இது சரியான விளக்கமா, தெரியவில்லை. போதகரிடம் இன்னும் கேட்கவில்லை.

"கிருமிடி. உன்கிட்டருந்து எனக்கு வந்துச்சு."

"கீழ் வீட்டு அக்கா பொய் சொன்னாளா?"

"இல்ல. சும்மாவும் வரும்."

"அப்ப எனக்கு?"

"நீ போகாம இருந்திருந்தா வந்திருக்காது. அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு வீங்கியிருக்காது."

"இயேசப்பா?"

"குத்தல. அம்மா சொன்னது தப்பு."

"அப்ப நீ டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லணும்."

வியாழக்கிழமை சொன்னேன். சனிக்கிழமையே பார்த்தேன், மறைத்துவிட்டேன் என்று. "கொத்தித்து பிடியம்மா" என்றார் அவர், தெரியும், விடுங்கள் என்று. ஒரே நாளில் அப்படி வீங்காதாம். பிறகு டார்ச்சை என் கண்ணுக்குத் திருப்பினார்.

ஆட்டோவில் மகள் என் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது."

"சொல்லு."

"சண்டே கிளாஸ்ல மனப்பாட வசனம் இருக்குல்ல. எல்லாரும் சொல்லும்போது நான் வாயை மட்டும்தான் அசைப்பேன்."

"எந்த வாரம்?"

"எல்லா வாரமும்."

வாய் வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன்.