சக்கர நாற்காலி உயரத்தில் ஒரு பாத்தி

ஆகஸ்டில் ஒரு காலை, அமீரகத்தில் எங்கள் அல் ஐன் வீட்டில் முகம் கழுவ நின்றபோது என் முழங்கால்கள் மடங்கின. சுவரைப் பிடித்து எழுந்தேன். மறுபடியும் மடங்கின. முந்தின வாரம் வயிற்றுப்போக்கு இருந்ததால் அந்தச் சோர்வுதான் என்று நினைத்தேன். பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருப்பதை மட்டும் மனைவி ஜெனிட்டாவிடம் சொன்னேன். அவள் நர்ஸ்.

காலைத் தொட்டுப் பார்த்தவள், "டூட்டிக்குப் போவாண்டாம். நேரே எமர்ஜென்சிக்குப் போவோம்" என்றாள். சாயங்காலத்துக்குள் சட்டைப் பொத்தானைக்கூட என்னால் கழற்ற முடியவில்லை.

கில்லன் பாரே சிண்ட்ரோம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார் மருத்துவர். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுத் தசைகளையும் பிடித்துவிடுமோ என்று கண்காணித்தார்கள். பிடிக்கவில்லை.

"எப்போ நடப்பேன் டாக்டர்?"

"நரம்பு மெதுவாத்தான் சரியாகும். மாசக்கணக்கு ஆகும். நடப்பீங்கன்னு நம்புறேன். தேதி மட்டும் கேக்காதீங்க."

செப்டம்பர் கடைசியில் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தேன். நான் ஏசி டெக்னீஷியன். கால் இல்லாமல் அந்த வேலை இல்லை. "ஊருக்கே, குளச்சலுக்கே போயிருவோமா?" என்று ஜெனிட்டா கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே கோடையில் மண் சும்மா கிடக்கும். வெயில் தணியும்போதுதான் எங்கள் தோட்டத்துக்கு ஆண்டு தொடங்கும். கீரை சீக்கிரம் வந்துவிடும். அக்டோபரில் நடும் தக்காளி காய்க்க ஜனவரி ஆகும். தக்காளி நட்டால் ஜனவரியில் நாங்கள் இங்கே இருக்க வேண்டும்.

"தக்காளி நாத்து வாங்கிட்டு வா" என்றேன்.

"ஆரு நடுவா?"

"நான்தான்."

"மண்ணு கீழ கெடக்கு. நீங்க சேர்ல இருக்கிய."

ஆனாலும் அபுதாபி பக்கம் முசஃபாவில் வெல்டராக இருக்கும் தன் தம்பி ஸ்டீபனுக்கு அவளேதான் போன் செய்தாள். அவன் என் முட்டியின் உயரத்தை அளந்துகொண்டு போய், கால் வைத்த இரும்புத் தொட்டி ஒன்றைச் செய்து வந்தான். "சேரை உள்ள தள்ளுங்க அத்தான். முட்டு இடிக்காது." இடிக்கவில்லை. மண் என் மடிக்கு மேலே வந்துவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் விரல்களுக்குக் களிமண் உருண்டை தந்திருந்தார். நான் விதைகளையும் எடுத்துப் பழகினேன். பயற்றங்காய் விதை முதலில் அகப்பட்டது. பிறகு கொத்தமல்லி. கீரை விதையைக் கிள்ளி எடுக்க நவம்பர் ஆனது.

டிசம்பரில் தக்காளிக்குக் கம்பு கட்ட, தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றேன். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலை முழுக்க நின்றேன். பிறகு ஒரு வாரம் படுத்தேன். "களைச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்" என்றார் மருத்துவர். இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முடியும் என்று தோன்றும்போதே உட்கார்ந்துவிடுங்கள்.

ஜனவரியில் வாக்கரோடு நடந்து தக்காளி பறித்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்ட ஜெனிட்டா, "ஏப்ரல்ல ஊருக்குப் போவோம். லீவுக்கு மட்டும்" என்றாள். அதற்குப் பிறகு ஊரோடு போய்விடும் பேச்சு வரவில்லை.

லீவு முடிந்து வந்து வெண்டை விதைத்தேன். கம்பெனியில் என்னை ஒர்க்‌ஷாப் மேசைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்தபடி கம்ப்ரஸர் பழுது பார்க்கிறேன்.

இப்போது ஜூலை. வெயிலைத் தாங்கி வெண்டை மட்டும் நிற்கிறது. என் உள்ளங்காலுக்கு இன்னும் சூடு சரியாகத் தெரிவதில்லை. முற்றத்தில் இறங்குவதற்கு முன் குனிந்து, கையால் தரையைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆறியிருந்தால் இறங்குவேன். இல்லையென்றால் படியில் உட்கார்ந்து, ஆறும்வரை இருப்பேன்.