ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்

ரயில் டிக்கெட் போடும் செயலியில் ஒரு டிக்கெட்டுக்கு ஆறு பேருக்கு மேல் பெயர் சேர்க்க முடியாது. ஆறாவது பெயரை அடித்து முடித்ததும், ஆள் சேர்க்கும் பொத்தான் மங்கிப்போகும். அப்புறம் அதன்மேல் எத்தனை தடவை விரலை வைத்து அழுத்தினாலும் அசையாது. நான் அழுத்திப் பார்த்திருக்கிறேன். அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள். ஆச்சு, ஆறு பேர். ஏழாவது ஆள் நான். டிக்கெட் போடுகிறவளும் நான்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வயதெல்லாம் போய்விட்டது. ராயபுரத்தில், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கட்டிய வீட்டில், மாடியில் தம்பி குடும்பமும் கீழே அம்மா அப்பாவோடு நானும் இருக்கிறோம். திருவொற்றியூரில் ஒரு நெட் சென்டரில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஆதாரில் பிறந்த தேதி மாற்றுவது, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதுவது, பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று பதிவது எல்லாம் என் கையால் நடக்கும். காசிமேட்டில் ஏலம் முடிந்த கையோடு, சேலையில் மீன் செதிலோடு வரும் பெண்கள், வேளாங்கண்ணிக்கு எந்த நாளில் கூட்டம் குறைச்சல் என்று என்னிடம்தான் கேட்பார்கள். சொல்வேன். நான் வேளாங்கண்ணியைப் பார்த்ததில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

செலவில்லாமல், தலைவலி இல்லாமல் ஒரு குடும்பத்தை எப்படி வெளியூர் அனுப்புவது என்று என்னைக் கேளுங்கள். அறுபது நாளுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போது பெயர், வயது எல்லாம் அடித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். வெள்ளி போய் ஞாயிறு திரும்பலாம் என்று ஆசைப்படக் கூடாது. செவ்வாய் போய் வெள்ளி வந்தால் லாட்ஜ்காரனே இறங்கி வருவான். கோயிலுக்கு எதிரே ரூம் எடுக்காமல் இரண்டு தெரு தள்ளி எடுக்க வேண்டும். முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் சாப்பாடு வீட்டிலிருந்தே போக வேண்டும். அப்பாவின் சுகர் மாத்திரை ஒரே பையில் இருக்கக் கூடாது, பாதி அம்மா பையில், பாதி தம்பி பையில். சின்னவளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், அதற்கு மாத்திரையும் நாலு பிளாஸ்டிக் கவரும். இத்தனையும் ஒரு தடவைகூடப் போகாமல் நான் கற்றுக்கொண்டது.

உலகத்தையே ஆறு பேருக்கென்று அளந்து செய்திருப்பார்கள் போல. வாடகைக் காரில் டிரைவரைக் கழித்தால் ஆறு இடம். லாட்ஜில் ஃபேமிலி ரூம் என்றால் நாலு பேருக்குக் கட்டில், கூட இரண்டு மெத்தை. மூன்றாவது மெத்தை கேட்டால் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்வான். ஏழாவதாக ஒரு ஆள் வந்தால் ஒரு டிக்கெட் மட்டும் ஏறாது, ரூமும் காரும் இரண்டாகும். இதை முதன்முதலில் பேப்பரில் எழுதித் தம்பிக்குக் காட்டிய புத்திசாலியும் நான்தான். அவன் படித்துப் பார்த்தான். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் காரணம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான். குற்றாலத்துக்குப் போனார்கள், குடம் பிடித்தேன். மதுரைக்குப் போனார்கள், குடம் பிடித்தேன். ஒரு தடவை லாரிக்காரன் குழாயைப் போட்ட நேரம் பார்த்து மதுரையிலிருந்து தம்பி போன் செய்தான்.

"யக்கா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். இன்னா பஸ்ல ஏறணும்?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் குடத்தைத் தள்ளிக்கொண்டு, நான் பார்த்தேயிராத ஊரில் அவர்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னேன். சரியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்து தெருவெல்லாம் பெருமை பேசினார்கள். "எங்க அக்காவாண்ட உட்டுட்டா டென்ஷனே இல்ல." அந்தப் பாராட்டு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருக்கும் எனக்கு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குடித்தேன்.

எனக்கு ஊர் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை. ரயிலில் படுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி வரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போயிருக்கிறேன். படுக்கை போட்ட வண்டியில் ஏறியதில்லை. நான் ஒன்றும் செய்யாமல் கிடக்க, என்னை ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போக, காலையில் கண் விழித்தால் வேறு ஊராக இருக்க வேண்டும். நாற்பத்து நாலு வயதில் இது ஒரு பேராசையா என்ன?

போன வருடம், பிள்ளைகளின் செப்டம்பர் காலாண்டு லீவுக்குக் கன்னியாகுமரி போகலாம் என்று தம்பி சொன்னான். ஜூலையிலேயே சொல்லிவிட்டான், டிக்கெட் போட வேண்டுமே. சோற்றைப் பிசைந்துகொண்டே, நானும் வருகிறேன் என்றேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உனக்கு இன்னாத்துக்கும்மா கன்னியாகுமரி? கடலு நம்ம வூட்டாண்டயே கீது."

இருக்கிறது. கரையெல்லாம் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கால் நனைக்க ஒரு சாண் மணல் கிடையாது. அதைச் சொல்லவில்லை. தம்பி தண்ணீர் லாரியை எடுத்தான். எதிர்வீட்டு அம்மா பிடித்து ஊற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். ரூமை எடுத்தான். இரண்டு சின்ன ரூம், ஃபேமிலி ரூம் விலைக்கே பேசி வைத்திருந்தேன். காரை எடுத்தான். பஸ்ஸில் போகலாம், கால் மணிக்கு ஒன்று வருகிறது என்றேன். என் டிக்கெட்டுக்கு என் சம்பளம். அவனிடம் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை.

"தோ பாருக்கா, நான் உன்ன வராதன்னு சொல்லல. டென்ஷன் இல்லாம போய்ட்டு வரணும், அவ்ளோதான்."

அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் ஆறு பேருக்கும் போட்டேன். பதினேழு முதல் இருபத்திரண்டு வரை, ஒரே தடுப்புக்குள் ஆறு பெர்த்தும். கையோடு எனக்கென்று தனி டிக்கெட். சைட் லோயர் கேட்டேன். வழியை ஒட்டி இருக்கும் அந்த இடத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை, இடுப்பில் இடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அதற்கு மட்டும் இரண்டு ஜன்னல். கிடைத்த நம்பர் இருபத்து மூன்று, அவர்களுக்கு நேர் எதிரே. நெட் சென்டரில் அதை ஒரு பிரிண்ட் எடுத்தேன். போனிலேயே இருக்கும்போது பேப்பர் எதற்கு என்று முதலாளி கேட்டார். காசைக் கொடுத்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது தங்கை வந்து நின்றாள். அவளைக் கொடுத்திருப்பது சடையங்குப்பத்தில். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர், மழை இல்லாவிட்டால் புருஷன் வாய். இந்தத் தடவை என்ன சண்டையோ, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. குழந்தை இல்லை அவளுக்கு, அதையும் மாமியார் சொல்லிக் காட்டுவாளாம்.

"நாலு நாளு அந்த வூட்ட உட்டு எங்கனா போனாப் போதும்க்கா" என்று என் மடியில் தலை வைத்து அழுதாள். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொன்னாள். நான் போனைத் திறந்து பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருந்தது. இல்லை என்றேன். அப்போது தம்பி, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு நீதானக்கா சொன்ன? யாரோ அவங்க தம்பி பேருக்கு டிக்கெட்ட மாத்திக்கினு போனாங்கன்னு."

சொன்னேன். கடையில் நடந்ததை எல்லாம் வீட்டில் வந்து கொட்டும் வாய் எனக்கு. கூடப் பிறந்தவர்களுக்கு டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கலாம், வண்டி கிளம்ப இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்.

யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் எங்கள் வீட்டுச் சாமர்த்தியம். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். தம்பி மனைவி, "அண்ணி, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அம்மா மட்டும் அடுப்படியில் என்னிடம் தனியாக வந்தாள்.

"அவ கட்டிக்கினு லோல்படுறா. உனக்கு இன்னா, புருஷனா, புள்ளையா? எப்ப வேணா போய்க்கலாம்."

எப்ப வேணா. அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

உறவுக்கு அத்தாட்சி வேண்டும். இப்போதைய ரேஷன் கார்டில் தங்கை பெயர் இல்லை, கல்யாணம் ஆனதும் நானே நீக்கிக் கொடுத்தேன். பீரோவைக் குடைந்து பழைய புத்தகக் கார்டைத் தேடி எடுத்தேன். அதில் மேலும் கீழுமாக மகள், மகள் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. மனுவையும் நானே எழுதினேன், எனக்குத்தான் மனு எழுத வருமே. வேலை காரணமாக என்னால் பயணம் செய்ய இயலவில்லை, எனவே என் தங்கைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அந்தக் கோபத்தைக் கொட்ட ஆள் கிடைக்காமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழும்பூரில் முன்பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நல்ல மனுஷி. கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவைதான் மாத்த முடியும்மா. நாளைக்கு அவங்க வரலைன்னாலும் மறுபடி உங்க பேருக்கு வராது. யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

"நீங்க ஏன் போகலை?"

மனுவில் எழுதியிருக்கிறதே மேடம் என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பையிலிருந்த பிரிண்டைக் கிழித்துக் கடைக்காரரின் குப்பை டப்பாவில் போட்டேன். கிழிக்கும்போது அழுகை வரவில்லை, எல்லார் மேலும் எரிச்சல்தான் வந்தது. தங்கை மேலும் வந்தது. அவள் அழுத அழுகை மேலும் வந்தது.

மறுநாள் கிளம்புகிற நாள். விடியலில் எழுந்து புளிசோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லாம் செய்து ஏழு பொட்டலமாகக் கட்டினேன். தங்கை சடையங்குப்பத்தில் துணி எடுத்துக்கொண்டு நேராக எழும்பூருக்கு வந்துவிடுவாள் என்று ஏற்பாடு. நான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு போன் வந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொள்ளும், சீக்கிரம் கிளம்புங்கள் என்று நான்தான் அவர்களை இரண்டு மணிக்கே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கை காட்டினார்கள், நானும் காட்டினேன். வீட்டுக்குள் வந்து குடங்களைக் கழுவி வரிசையாக வைத்தேன், அன்றைக்கு லாரி வருகிற நாள்.

ஆறரை மணிக்கு அம்மா போன் செய்தாள். செங்கல்பட்டு தாண்டிவிட்டதாம். அப்பா காப்பி குடித்தாராம், பிள்ளைகள் மேல் பெர்த்தில் ஏறிக் குதிக்கிறார்களாம். தங்கை எங்கே, அவளிடம் கொடு என்றேன்.

"அவ வர்லம்மா."

"வரலையா?"

"காலீலயே அவ வூட்டுக்காரு மன்னிப்பு கேட்டுக்கினாராம். மெரினா இட்டுகினு போறேன்னாராம். அப்பவே போன் பண்ணிட்டா. உன்னாண்ட சொன்னா நீ டென்ஷன் ஆவியேன்னுதான் சொல்லல."

ஏழாவது பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது இவளுக்குத் தெரியும். அப்படியானால் அந்த பெர்த் காலியாகவா போகிறது என்று கேட்டேன்.

"காலியா ஏன் போவுது? பையி, சாப்பாட்டுக் கூடை, எல்லாம் அதுமேலதான் வச்சிக்கீறோம். டிடிஆர் வந்து ஆளு எங்கன்னாரு. பாத்ரூம் போய்க்கீறாங்கன்னு உன் தம்பி சொல்லிட்டான். நெருக்கமே இல்ல, காலு நீட்டிகினு நிம்மதியா போறோம்மா. எல்லாம் உன்னாலதான்."

கத்த வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தேன். பையை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது கையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். இரு என்றாள். பைகளை உள்பக்கமாக இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தள்ளி வச்சிட்டேம்மா" என்றாள் அம்மா. "இப்ப ரெண்டு ஜன்னலாண்டயும் யாருமில்ல."