மாமாவின் ஆயில் இன்ஜினில் நான் ஊற்றியது

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். வேளாங்கண்ணியில் மீன் வறுக்கும் கடைகளில் கழித்துப்போடும் எண்ணெயை வாங்கிவந்து, அக்கா வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் பயோடீசல் செய்து பழகிக்கொண்டிருந்தேன். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவுவதுதான் பெரும்பாடு. சோப்பு மிச்சமிருந்தால் இன்ஜின் கெட்டுவிடும்.

அந்தத் தை மாதம் ஆற்றில் தண்ணீர் நின்றுபோனது. எங்களுடையது வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கடைமடை. அக்காவின் கணவர், என் மாமா, போட்டிருந்த சம்பா அப்போதுதான் பால் பிடித்து நின்றது. குளத்தில் கிடந்த தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தால்தான் உண்டு.

"டீசலுக்கு ஏன் அலையணும்? நீ செஞ்சது ரெண்டு கேன் இருக்குல்ல, அதையே ஊத்துவோம்" என்றார் மாமா.

மூன்று தடவை கழுவ வேண்டியதை, பரீட்சைத்தாள் திருத்தும் அவசரத்தில் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். ஊரே "மீன்வறுவல் டீசல்" என்று சிரித்தபோது என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியவர் அவர் ஒருத்தர்தான். அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. வரப்பு முழுக்க வறுத்த மீன் வாசனை. மாமா மண்வெட்டியோடு மடை திருப்பப் போனார். நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சத்தம் லேசாக மாறினாலும் குனிந்து காது கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இன்ஜின் விக்கி விக்கி நின்றேபோனது.

மாமா ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

"நான் சரியாக் கழுவல மாமா. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். பாதிகூட நனையவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்பேனரை எடுத்து ஃபில்டரைக் கழற்றினார். சோப்புப் பிசுக்கு வரும் என்று நினைத்தேன். வந்தது கரிய மண்டி. வருஷக்கணக்காக டேங்கில் படிந்திருந்த டீசல் அழுக்கை பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்து அடைத்திருந்தது. பழைய டேங்கில் அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். பயத்தில் நினைவுக்கு வரவில்லை.

அவர் பைக்கில் போய்ப் புது ஃபில்டர் வாங்கிவருவதற்குள் நான் டேங்கைக் கழுவி முடித்தேன். உச்சி வெயிலில், கேனில் மீதி இருந்ததையே ஊற்றி மறுபடி ஓட்டினோம். பொழுது சாயும்வரை ஓடியது. மேட்டுப்பக்கம் ஒரு துண்டு மட்டும் பதராகிப் போனது. மற்றது அறுப்புக்கு வந்தது.

வீடு திரும்பும்போதுதான் மாமா அந்தப் பேச்சை எடுத்தார். "இன்ஜின் நின்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே, அதான்."

அடுத்து செய்த பயோடீசலை ஊற்றிப் பார்க்க அவரிடம் இன்ஜினைக் கேட்பதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டபோது, "எடுத்துக்க. நானும் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.