நெயில் பாலிஷ் போட்ட நட்டு

வாசலில் ரம்யா கோலத்தின் கடைசிச் சுழியை இழுத்து முடிக்கிற நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் கணவர் தீனதயாளன் குப்புறப் படுத்திருக்கிறார். கன்னம் தரையில், கண் காருக்கு அடியில். இரவு இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய காலண்டர் அட்டையை விரித்து வைப்பது அவர் வழக்கம். காலையில் அதில் என்ன சொட்டியிருக்கிறது, எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்க்காமல் பல் துலக்க மாட்டார். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோகிறார். "இன்ஜின் ஆயில் இல்ல. இது ஸ்டியரிங் ஆயிலு." எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கேட்கிறார். "நேத்து வண்டிகிட்ட யாரு வந்தது?"

யாரும் வந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் நாய்கூட அந்தக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் தயாளனுக்கு ஒரு உரக்கடை இருக்கிறது. கொஞ்சம் கரும்பும் போட்டிருக்கிறார். மற்ற விஷயங்களில் இவரைப் போல வெள்ளந்தி மனிதரைப் பார்க்க முடியாது. கடையைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். மூங்கில்துறைப்பட்டு மில்லில் கரும்பு எடை போடும்போது மற்றவர்கள் எடைமேடையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். இவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆண்டவன் கொடுத்த சந்தேகம் அத்தனையையும் காருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கார் என்றால் ஊர் உலகத்தில் ஓடுகிற கார் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. கம்பெனியே இங்கே அதை விற்பதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்ததை வாங்கி வந்தார். நிறம் கருநீலம். அதன் உயிர் டர்போவில் இருக்கிறதாம். புகை வெளியேறுகிற வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு சின்ன விசிறி அது. அது இருப்பதால்தான் இந்தக் கிழட்டு வண்டி இன்றைக்கும் புத்தம்புதுக் கார்களை உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பின்னுக்குத் தள்ளும். தள்ளும் என்று தயாளன் சொல்கிறார். தள்ளி நான் பார்த்ததில்லை. அவர் நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம். "வேகமா போறதுக்குதான் சார் இத வாங்கனது. ஆனா வேகமா போனா தேஞ்சிடும். இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்பார். எனக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெட்ரோல் உளுந்தூர்பேட்டையில் ஒரே ஒரு பங்கில்தான். லாரிக்காரர்கள் கூட்டமாக நிற்கிற இடத்தில் கலப்படம் கம்மி என்பது அவர் கட்சி. அதற்காக அவ்வளவு தூரம் போய்வருவதிலேயே பாதி பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது என்று ஒருமுறை சொன்னேன். அந்தப் பங்க்காரரோடு எனக்கு ஏதாவது சண்டையா என்று கேட்டார். ஸ்பேர் பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுப்பார். பெட்டியின் மேல் அச்சு ஒரு இழை கோணலாக இருந்தால் போதும், டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரிஜினலே கோணலாகத்தான் அச்சாகிறதோ என்னவோ, யார் கண்டது.

இந்த வண்டிக்கு ஆன செலவை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினால் விற்க வேண்டிவரும் என்று தயாளன் கூட்டுவதில்லை. கூட்டினால் சண்டை வரும் என்று ரம்யா கூட்டுவதில்லை. கிணற்று மேட்டு நிலத்துக்குச் சொட்டுநீர் போடுவதாக இருந்த வருடம் கிளட்ச் போனது. மாடிக்குப் படி கட்டுவதாக இருந்த வருடம் கியர்பாக்ஸ் போனது. துணி காயப்போட ரம்யா இன்னும் ஏணியில்தான் ஏறுகிறார்.

அவருக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. யார் கையிலாவது வண்டியை விடுவதற்கு முந்தின நாள், தயாளன் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்துவிடுவார். முக்கியமான ஒவ்வொரு நட்டின் மேலும் ஆரம்பித்து, பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நட்டை யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். வண்டி திரும்பி வந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். கைபேசியில் இவரைப் போன்ற வண்டிக்காரர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அதில் யாரோ சொல்லிக்கொடுத்த வித்தை. "என் நகத்துக்குப் போட்டதவிட அதோட நட்டுக்குப் போட்டதுதாண்ணா ஜாஸ்தி" என்று ரம்யா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது சிரிப்பு இல்லை.

அந்தக் கோடுதான் அரங்கநாதனை அவரிடமிருந்து பிரித்தது. சங்கராபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அரங்கநாதன், தயாளனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். இந்த வண்டி வந்த நாளிலிருந்து அதில் கை வைத்த ஒரே ஆள். தயாளன் வீட்டில் இல்லாதபோதும் ஆணியில் மாட்டியிருக்கிற சாவியை எடுத்துக்கொண்டு போகிற உரிமை அவருக்கு இருந்தது. "உம் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்ள அழைப்பு இந்த வண்டியிலதான்டா" என்று தயாளன் எல்லார் எதிரிலும் வாக்குக் கொடுத்திருந்தார். பெண் அப்போது பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் பிரேக் வேலைக்கு வண்டியை விட்டார். அதுதான் அவர் முதன்முதலாகக் கோடு போட்டு விட்டது. வேலை முடித்த அரங்கநாதன், மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, வந்து எடுத்துப் போகச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். தயாளன் டார்ச் அடித்தார். எல்லா நட்டிலும் கோடு இருந்தது. டர்போவில் மட்டும் இல்லை.

"டர்போவ மாத்திட்டியா?"

"அதத் தொடவே இல்லியேடா."

"தொடாமதான் கோடு போயிடுச்சா? நட்டுகூட வேற மாதிரி இருக்குது. ஒரிஜினலு எங்க? பையக் காட்டு."

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அரங்கநாதன் காக்கிச் சட்டையின் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு டெஸ்டரும் கரித்துணியும் விழுந்தன. அவற்றைக் குனிந்து எடுத்துக்கொண்டு, சாவியைத் தயாளன் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அங்கே நிற்கக் கூசியது. ஆனாலும் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வண்டி ஊர் ஊராகப் போனது. ஒருவர் பார்த்துவிட்டு, இதற்கு முன்னால் பார்த்தவன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்றார். அடுத்தவர் அவரைப் பற்றி அதையே சொன்னார். தயாளனுக்கு இது திருப்தியாகவே இருந்தது. "பாத்தீங்களா சார், நான் சொல்லல?" என்பார். ஆனால் சந்தேகம் கொட்டகையை விட்டு வெளியே வர ஆரம்பித்திருந்தது. சாவி ஆணியிலிருந்து அவர் இடுப்புக்கு வந்தது. ரம்யா போனில் யாரோடாவது சிரித்துப் பேசினால், வண்டியைப் பற்றியா என்று கேட்டார்.

இந்த மாதம் அரங்கநாதன் பெண் தேவதர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலத் தட்டோடு அரங்கநாதனும் அவர் மனைவியும் தயாளன் வீட்டுக்கு வந்தார்கள். ரம்யா உட்காரவைத்துக் காபி கொடுத்தார். தயாளன் காருக்கு அடியில் இருந்தார், வெளியே வரவில்லை. அரங்கநாதன் கொட்டகைக்குப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னார்: "தயாளு, பத்திரிகைய வூட்ல குடுத்துக்கிறேன். வந்துடு." கார் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு கால் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்ததாம். அவ்வளவுதான் பதில் என்று ரம்யா சொன்னார். "போவ மாட்டாருண்ணா. போவலன்னா நாளைக்கி இவருக்குன்னு யாரு இருக்காங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை நான் தயாளனோடு வெள்ளிமலைக்குக் கிளம்பியது, வழியில் இதைப் பேசிப் பார்க்கலாம் என்றுதான். ஞாயிறு தவறாமல் மலை ஏறுவது அவர் பழக்கம். மறுநாள் வண்டியைச் சேலத்தில் ஒரு புது மெக்கானிக்கிடம் விடுவதாக ஏற்பாடு. அதனால் கிளம்புவதற்கு முன்பே எல்லா நட்டுக்கும் கோடு போட்டு வைத்திருந்தார். அடிவாரத்து செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். மலைக்குச் சாராயம் காய்ச்ச வெல்லம் போகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. "வாராவாரம் இதே ரோதன. ஒரு மனுசன நம்பவே மாட்டானுங்களா சார்?" என்றார் தயாளன். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மலைப்பாதையில் ஆட்களும் மூட்டைகளுமாகப் பிதுங்கிய ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. தயாளன் கண்டுகொள்ளவில்லை. வளைவெல்லாம் முடிந்து மேலே ஒரு நீட்டுச் சாலை வரும். அங்கே முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு காலை அழுத்தினார். சீட்டு என் முதுகில் வந்து மோதியது. எங்கிருந்தோ ஒரு சீழ்க்கைச் சத்தம் எழும்ப, சாமைக் காடுகள் இரண்டு பக்கமும் ஓடின. கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இதுவரை அவரைக் கிண்டல் செய்ததற்காக எனக்கே சங்கடமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பையன் முகம் அது.

வெள்ளிமலையில் தயாளன் வண்டியை ஓரம் கட்டியதும் நான் டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பானட் திறந்திருந்தது. தயாளன் உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு சிலையாக நின்றிருந்தார்.

"சார், நீங்க வண்டிகிட்ட வந்தீங்களா?"

"டீக்கடையில்தானே இருந்தேன்."

"பானட்டத் தெறந்தீங்களா?"

அதை எங்கே பிடித்துத் திறப்பது என்றே எனக்குத் தெரியாது என்றேன். அப்படியும் அவர் பார்வை என் விரல் நகங்களுக்குப் போய், சிவப்பு இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் திரும்பியது. எட்டிப் பார்த்தேன். மற்ற நட்டுகளில் கோடு இருந்தது. டர்போவின் நட்டுகளில் இல்லை. ஒன்றில் மட்டும் தீய்ந்துபோன பழுப்புக் கறை கொஞ்சம் ஒட்டியிருந்தது. தயாளன் அதைத் தொட்டுப் பார்த்தார். உடனே விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டார்.

"சுடுது சார்" என்றார்.

புகை போகிற வழியில் உட்கார்ந்திருக்கிற இரும்பு, வண்டி ஓடினால் சுடத்தான் செய்யும். நெயில் பாலிஷ் அந்தச் சூட்டில் எப்படி நிற்கும்? இது அவருக்குத் தெரியாதது இல்லை. வீட்டில் ஆறிக் கிடக்கும்போதே கோடு போட்டு, வண்டி இன்னொருவர் கைக்குப் போய்வந்த பிறகு சந்தேகத்தோடு மட்டுமே அதைப் பார்த்துப் பழகிவிட்டார். விரலை வாயிலிருந்து எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார். பிறகு பானட்டை மூடிவிட்டு வண்டியை மலையிலிருந்து இறக்கினார். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராகச் சங்கராபுரம் ரோட்டுக்கு விட்டார்.

கல்யாணத்துக்குள் கைவேலைகளை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அரங்கநாதன் ஞாயிற்றுக்கிழமையும் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்திருந்தார். தயாளன் இறங்கி அவர் எதிரில் போய் நின்றார்.

"மலைக்கு ஏறினா கோடு எரிஞ்சிடுது."

"ம்."

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ பையத்தான கேட்ட."

எதிர் டீக்கடையில் இந்த முறையும் ஆட்கள் இருந்தார்கள். தயாளன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "மாப்ள அழைப்புக்கு வண்டி வரணும். பெல்ட்டு கத்துது. பாத்துக் குடு."

அரங்கநாதன் சாவியை வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கு அருகில் வந்தார். குனிவதற்கு முன்னால் சட்டைப் பையில் கையை விட்டு, இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மட்கார்டின் மேல் வைத்தார். டெஸ்டர், அரைப் பென்சில், மடங்கிப்போன ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு சின்ன நட்டு. பிறகு பேன்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். தயாளனைப் பார்த்து, "நீ நின்னு பாத்துக்கினு இரு. அப்பதான் கைய வெப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

தயாளன் சாவியை மட்கார்டின் மேல் வைத்தார். டெஸ்டரை எடுத்து அரங்கநாதன் சட்டைப் பையில் சொருகினார். பென்சிலைச் சொருகினார். பத்திரிகையை நீவி மடித்து வைத்தார். கடைசியில் அந்தச் சின்ன நட்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் அந்தப் பைக்குள்ளேயே போட்டார்.