அணை மேலிருந்து கத்தியவன்

அறிவு முதன்முதலில் பார்த்தபோது ஃபராஸ் கண்ணை மூடிக்கொண்டு சினிமா பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஒரு கிராமமே தீப்பிடித்து எரிந்தது. ஜனம் அலறிக்கொண்டு ஓடியது. தியேட்டரே வாயைப் பிளந்து பார்க்க, பக்கத்து இருக்கைக்காரன் மட்டும் கண்ணை இறுக்கி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் டிக்கெட் எடுத்திருந்த அறிவுக்கு அது பொறுக்கவில்லை. முழங்கையால் ஓர் இடி இடித்தான்.

"அண்ணே, தூங்குறதுன்னா வீட்லயே தூங்கலாமே?"

"தூங்கல நைனா. கேட்டுக்கினு கீறேன். கம்முனு இரு."

இடைவேளையில் அவனே பாப்கார்னை நீட்டினான். பேர் ஃபராஸ், வீடு திருவல்லிக்கேணியில் வாலாஜா மசூதிக்குப் பின்னால், வேலை அண்ணன் வைத்திருக்கும் ஹெல்மெட் கடையில் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பிறகு படத்தைத் திட்ட ஆரம்பித்தான். அறிவுக்கோ படம் பிடித்திருந்தது. இருவரும் பஸ் ஸ்டாப் வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். சிநேகிதம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பாட்காஸ்ட் யோசனை மதுவந்தியுடையது. அறிவின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், மயிலாப்பூர்க்காரி. இந்த இருவரின் சண்டையை ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டு, "இதை அப்படியே ரெக்கார்ட் பண்ணினா போறுமேடா, நாலு பேர் கேப்பா" என்றாள். சனிக்கிழமை காலைகளில் அவள் வீட்டு மாடி அறையில் பதிவு. பட்டுப்புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு எதிரே மைக்கை நிறுத்தினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தது ஃபராஸ். ஹெல்மெட் விற்பவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அறிவு அப்போதே யோசித்தான். கேட்டதற்கு, "யூடியூப்ல பார்த்தேன் மச்சி" என்று முடித்துவிட்டான்.

யோசிக்க வைத்தவை இன்னும் இருந்தன. நிகழ்ச்சியில் ஃபராஸ் தன் பேரைச் சொல்ல மாட்டான். 'சர்தார்' என்றே பேசுவான். எந்தப் படத்திலும் கூட்டம் கத்தும் இடம் வந்தால் கண் மூடிக்கொள்ளும்.

நிகழ்ச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. விமர்சனத்துக்கு முன் மூவரும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்: "டிக்கெட் என் காசு. இந்தப் படத்துல எனக்கு யாரையும் தெரியாது." ஓசி டிக்கெட்டுக்குப் புகழ்கிறவர்கள் மலிந்த ஊரில் அந்த இரண்டு வரிக்காகவே பலர் கேட்டார்கள்.

அணைப் படம் வந்தது அப்போதுதான். மலைமேல் அணை உடைந்து ஊர் மூழ்குகிற பிரம்மாண்டக் கதை. வசூலில் பின்னி எடுத்தது. அதில் அணை மேல் நிற்கும் கிழவர் ஒருவர், "ஓடுங்கடா, தண்ணி வருது!" என்று கத்திவிட்டு அடித்துச் செல்லப்படுவார். மூவரும் அவரவர் இரண்டு வரியைச் சொல்லி விமர்சனத்தை ஆரம்பித்தார்கள். அந்தக் கிழவரிடம் வந்ததும் ஃபராஸ் மைக்கை இழுத்துக்கொண்டான்.

"இன்னா மச்சி கத்தல் அது? வெள்ளம் வருதுன்னு கத்துறானா, தெருமுனைல தண்ணி லாரி வருதுன்னு கத்துறானா?"

மதுவந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அறிவு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்தத் துண்டு எங்கெங்கோ பரவியது. குடத்தோடு ஓடும் பெண்கள், வேளச்சேரி மழைவெள்ளம், ஆதம்பாக்கத்தில் யாரோ குழாய் உடைத்தது என எல்லா வீடியோ மேலும் ஜனங்கள் அந்தக் கத்தலையும் கிண்டலையும் ஒட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. முதல் நாள் முதல் காட்சிக்கு மூவரும் போனார்கள். பழைய கதையை நினைவுபடுத்த, அணை உடையும் அதே காட்சியில்தான் படம் ஆரம்பித்தது. அறிவு பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். ஃபராஸ் வழக்கம்போல் கண்ணை மூடியிருந்தான். கிழவர் கத்தினார். ஃபராஸ் சட்டென்று கண்ணைத் திறந்தான்.

அதன்பிறகு படம் முடியும்வரை அவன் மூடவே இல்லை. ஒரு கமெண்டும் அடிக்கவில்லை.

வெளியே வந்ததும் மதுவந்தி அடையாறுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். ஃபராஸ் நேராகக் கவுண்டருக்குப் போய் அடுத்த காட்சிக்கு டிக்கெட் கேட்டான்.

"இந்தக் குப்பையையா மறுபடியும்?" என்றான் அறிவு.

"மொதல் சீன் மட்டும் பார்த்துட்டு வந்துர்லாம். வா."

மறுபடி உட்கார்ந்தார்கள். கிழவர் கத்தினார். ஃபராஸ் எழுந்துவிட்டான்.

"வேற ஆளு" என்றான் வெளியே வந்து. "வாய்ஸு மாத்திட்டானுங்க."

"யார் வாய்ஸை?"

"என்னுத்த."

எதிரே டீக்கடையில் மீதியைச் சொன்னான். வாரத்தில் ஓரிரு நாள் சாலிகிராமத்தில் டப்பிங்குக்குப் போகிறான். ஒரு மைக்கைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்று ஊர் ஜனமாக அலறுவார்கள், கோஷம் போடுவார்கள், அழுவார்கள். தியேட்டரில் அவன் கண்ணை மூடுவது அந்த இரைச்சலில் தன் குரலைத் தேடத்தான். ஆள் கூட்டிப்போவது ஜோதிலட்சுமி அக்கா. வேலை செய்கிறவன் படத்தைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அதனால்தான் சர்தார். கூட்டத்திலிருந்து பிரித்து, தனியாக மைக் முன்னால் நிறுத்தி, அவனுக்கென்று கிடைத்த ஒரே வரி அந்த அணைக் கிழவருடையது.

அறிவு டீயைக் கீழே வைத்தான். "அப்ப ஏன்டா நீயே அப்படிக் கிண்டல் பண்ணின?"

ஃபராஸ் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். "நீங்க யார்னா, 'இல்ல மச்சி, நல்லாத்தான் கீது'ன்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். நீ டேபிளத் தட்டிச் சிரிச்சிக்கினு இருந்த."

அறிவு டீக்குக் காசு கொடுக்க எழுந்தான், ஃபராஸ் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"உட்றா. லாரி கிளிப்பு டைரக்டர் வரைக்கும் போயிருக்கும். மாத்திட்டாரு. என் வாய்ஸ நானே காலி பண்ணிக்கினேன்."

சனிக்கிழமை வந்தது. அறிவு முதல்நாளே மதுவந்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு, "இந்தப் படம் வேண்டாம்டா ஃபராஸ். வேற ஏதாவது பேசலாம்" என்றாள். "உண்மையச் சொன்னா உன் வேலை போயிடும். சொல்லாம அந்த ரெண்டு வரியைச் சொன்னா பொய்."

"போன தபா சொன்னதும் பொய்தானே?" என்றான் அவன்.

கீழே குக்கர் விசில் அடித்து முடிக்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். அறிவு தன் இரண்டு வரியைச் சொன்னான். மதுவந்தி சொன்னாள். ஃபராஸ் மைக்குக்கு அருகில் வந்தான்.

"டிக்கெட் என் காசு. ரெண்டு தபா எடுத்தேன். என் பேரு சர்தார் இல்ல, ஃபராஸு. மொத பாகத்துல அணை மேல செத்த கெழவன் வாய்ஸு நான்தான். தெரியாதுன்னு சொன்னது தப்பு. இதுல புது ஆளு கத்திருக்கான். என்னைவிட நல்லாக் கத்திருக்கான். அவன் கத்தினப்ப எனக்கே ஓடணும்னு தோணுச்சு. மத்தபடி படம் மொக்க."

மதுவந்தி சிரிக்கவில்லை. "முதல் பாகத்துலயும் நன்னாத்தான் இருந்துது" என்றாள், மெதுவாக. ஃபராஸ் அவளைப் பார்த்து, "லேட்டு மேடம்" என்றான். எடிட் செய்யும்போது அந்த இடத்தை அறிவு வெட்டாமல் விட்டான்.

நிகழ்ச்சி வெளியான அன்றைக்கே ஜோதிலட்சுமி அக்கா கூப்பிட்டாள். திட்டினாள்; இனி வரவேண்டாம் என்றாள். மழைக்காலம் முழுக்க ஃபராஸ் ஹெல்மெட் கடையிலேயே இருந்தான். தியேட்டரில் கண்ணை மூட அவனுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. திறந்தே பார்த்தான், சத்தம் குறைவாகத் திட்டினான். பொங்கலுக்கு மறுவாரம் ஏதோ ஒரு படத்தில் கல்லெறியும் கூட்டத்துக்கு அக்காவுக்குக் குரல் போதவில்லை போலிருக்கிறது. ஃபராஸின் போன் ஸ்பீக்கரில் அவள் குரலை அறிவும் கேட்டான். "டேய் தண்ணி லாரி, காலைல வந்துரு. வந்த எடத்துல வாய மூடிக்கினு இரு. கத்தச் சொன்னா மட்டும் கத்து."

ஃபராஸ் இப்போது திருவல்லிக்கேணியில் அதே வீட்டில் இருக்கிறான். வாரத்தில் ஓரிரு நாள் சாலிகிராமம், மற்ற நாள் ஹெல்மெட் கடை. தனி வரி இன்னும் கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் சொந்தப் பேரில் பேசுகிறான். தான் குரல் கொடுத்த படமென்றால் அதைச் சொல்லிவிட்டு, கீழே மதுவந்தியின் அம்மாவிடம் காபி வாங்கிக் குடிக்கப் போய்விடுகிறான்.